வால் போன கோட்டு

லண்டனில் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம். நான் இருந்த நிறுவனத்தின் ஆண்டு விருந்துக்கு அழைப்பிதழ் வந்தது. தடித்த அட்டை, ஓரத்தில் பொன்னிறக் கோடு, கீழே இடது மூலையில் இரண்டே சொற்கள்: ‘பிளாக் டை’. எனக்கு ஒரே நிம்மதி. என்னிடம் கறுப்பு டை ஒன்று இருந்தது.

அன்று மாலை சாம்பல் நிறக் கோட்டு சூட்டு போட்டு, அந்த நீளக் கறுப்பு டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன். வாசலில் கால் வைத்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. உள்ளே நின்ற ஆண்கள் அத்தனை பேரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தார்கள். கறுப்புக் கோட்டு, அதன் மார்பு மடிப்பில் மினுமினுக்கும் பட்டு, வெள்ளைச் சட்டை, கழுத்தில் பட்டாம்பூச்சிபோல் உட்கார்ந்திருக்கும் போ டை. ‘பிளாக் டை’ என்றால் அந்த மொத்த வேஷமும் என்று பொருளாம். அதைவிடக் கொடுமை, நீளமான கறுப்பு டை அந்த நாட்டில் துக்கத்துக்குக் கட்டுவது. யாரையோ அடக்கம் செய்துவிட்டு நேரே பந்திக்கு வந்தவன்போல் இரவு முழுக்க ஒரு தூண் ஓரமாக நின்றேன். யாரும் என்னைச் சட்டை செய்யவில்லை. (சட்டையைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.)

மறுநாள் அலுவலகத்தில் மூன்று பேர் மூன்று விதமாகத் துக்கம் விசாரித்தார்கள். ஆங்கிலேயர், “ஒரு டிஜே வாடகைக்கு எடுத்திருக்கலாமே” என்றார். பாட்டுப் போடுகிற ஆளை நான் எதற்கு வாடகைக்கு எடுக்க வேண்டும் என்று விழித்தேன். டின்னர் ஜாக்கெட் என்பதன் சுருக்கம் அது. அமெரிக்கர் ‘டக்ஸ்’ என்றார்; டக்சீடோ என்பதன் சுருக்கம். பிரெஞ்சுக்காரர், “உன்னிடம் ஸ்மோக்கிங் இல்லையா?” என்று கேட்டார். அந்தப் பழக்கமே எனக்குக் கிடையாது என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்து அடங்க வெகுநேரமாயிற்று.

ஒரே கோட்டு. ஒருவருக்கு அது ராச்சாப்பாடு, இன்னொருவருக்குப் புகை, மூன்றாமவருக்கு ஓர் ஊரின் பெயர். துணி என்ன, நிறம் என்ன, எப்படி வெட்டியது என்று மூன்று பெயரிலும் ஒரு தகவலும் இல்லை. சொல் பைத்தியம் பிடித்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? டை விஷயத்தில் பட்ட அவமானத்தை மறக்கவாவது இந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தோண்டலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் வாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கனவான் பொழுது சாய்ந்ததும் மாட்டிக்கொண்டது டெயில் கோட்டு. முன்பக்கம் இடுப்போடு நின்றுவிடும். பின்பக்கம் இரண்டு வாலாகப் பிரிந்து முழங்கால்வரை தொங்கும். உள்ளே கஞ்சி போட்டு அட்டைபோல் விறைத்த வெள்ளைச் சட்டை, வெள்ளை வெயிஸ்ட்கோட்டு, வெள்ளை போ டை. இன்றும் ‘ஒயிட் டை’ என்றால் இதுதான். ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு வாங்க மேடையேறும் ஆண்களைப் படத்தில் பார்த்தால் தெரியும்.

இவ்வளவு விறைப்பான உடை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், குதிரை முதுகிலிருந்து. 18-ஆம் நூற்றாண்டுக் கோட்டின் முன்பகுதி சவாரியின்போது தொடையில் மடங்கி இடைஞ்சல் செய்தது. அதை வெட்டி ஒதுக்கினார்கள். மிச்சமிருந்த பின்பகுதிதான் வால். நாட்டுப்புறத்தில் வேட்டைக்கும் சவாரிக்கும் போட்ட வசதியான உடுப்பு மெல்ல நகரத்துக்கு வந்தது, தெருவில் நடந்தது, கடைசியில் நடன மண்டபத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது. அதற்குப் பகட்டைக் குறைத்து, கருநீலக் கோட்டு, வெள்ளைக் கழுத்துத்துணி என்று ஓர் அடக்கமான ஒழுங்கைக் கொண்டுவந்ததில் பிரம்மல் என்ற புகழ்பெற்ற லண்டன் மைனருக்குப் பெரிய பங்கு உண்டு. சவாரிக்கு இடைஞ்சல் இல்லாமல் இருக்க வெட்டிய துணி, அரசர் முன்னால் நிற்பதற்கான தகுதி ஆகிவிட்டது. இந்தக் கூத்து இன்னொரு முறையும் நடக்கப்போகிறது.

விக்டோரியா மகாராணியின் மூத்த மகன், வேல்ஸ் இளவரசர் எட்வர்ட், நன்றாகச் சாப்பிடுவார். பின்னாளில் ஏழாம் எட்வர்ட் என்ற பெயரில் 1901-ல் அரசரானவர். நார்ஃபோக்கில் இருக்கும் சாண்ட்ரிங்ஹாம் பண்ணை மாளிகை 1862-ல் அவருக்காக வாங்கப்பட்டது. அரண்மனை அல்ல, ஓய்வுக்கான வீடு. அங்கேயும் சாப்பாட்டு மேசைக்கு வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். லண்டனின் சவில் ரோ தெருவில் இருந்த ஹென்றி பூல் தையற்கடையில், வால் இல்லாத குட்டையான மாலைக் கோட்டு ஒன்றை அவர் தைக்கச் சொன்னது 1865-ல் என்று அந்தக் கடை சொல்கிறது. டின்னர் ஜாக்கெட்டின் பிறந்தநாள் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, அது வீட்டு உடை. நம் ஆட்கள் வேட்டியை அவிழ்த்துவிட்டு லுங்கிக்கு மாறுகிற மாதிரி ஒரு சமாச்சாரம். நெருங்கிய நண்பர்கள் மட்டும் இருக்கும் மேசைக்கு அது போதும். வெளியார் விருந்தென்றால், அதுவும் பெண்கள் கூடும் சபையென்றால், வால் கட்டாயம்.

இனி புகை. 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போர் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குத் துருக்கிப் புகையிலையைப் பழக்கிவிட்டது. ஊர் திரும்பிய பிறகு பழக்கம் பரவியது. பெரிய வீடுகளில் புகைப்பதற்கென்றே தனி அறை ஒதுக்கினார்கள். சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் அங்கே ஒதுங்கி, வெல்வெட்டிலோ பட்டிலோ தைத்த ஸ்மோக்கிங் ஜாக்கெட்டை மாட்டிக்கொள்வார்கள். சாம்பல் விழுந்தால் அதன்மேல் விழும், நாற்றமும் அதோடு போகும். சிலர் தலைமுடியில் வாடை ஏறாமல் இருக்க குஞ்சம் வைத்த தொப்பி வேறு போட்டுக்கொள்வார்கள். புகைப்பதற்கு இத்தனை ஏற்பாடா என்று இப்போது சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு அது மரியாதை.

சாப்பாட்டு மேசைக் கோட்டும் புகையறைக் கோட்டும் பக்கத்துப் பக்கத்து அறைக்காரர்கள். ஒன்றின் சாயல் இன்னொன்றில் ஏறியது. ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியபோது பெயர் குழம்பியது. சாப்பாட்டுக் கோட்டுக்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் ‘ஸ்மோக்கிங்’. அங்கிருந்து இத்தாலி, ஜெர்மனி, ரஷ்யா, துருக்கி என்று அதே சொல் பரவிவிட்டது. ஸ்பானியர்கள் அதைத் தங்கள் நாக்குக்கு ஏற்ப ‘எஸ்மோகின்’ என்று வளைத்துக்கொண்டார்கள். ஆங்கிலச் சொல்தான். ஆங்கிலேயரிடம் போய்ச் சொன்னால் மட்டும் புரியாது.

பிரெஞ்சு மொழிக்கு இது கைவந்த கலை. வண்டி நிறுத்துமிடம் அவர்களுக்கு ‘பார்க்கிங்’, சலவைக் கடை ‘பிரெஸ்ஸிங்’. நாம் அவர்களைக் கிண்டல் செய்ய முடியாது. ஜாக்கெட் என்ற சொல்லை வாங்கிவந்து புடவைக்கு மேட்ச் பார்த்துத் தைக்கிறவர்கள் நாம். டின்னர் ஜாக்கெட் என்று முதன்முதலில் கேட்டபோது என் மனதில் வந்த படத்தை இங்கே எழுத முடியாது. அந்த ஜாக்கெட் என்ற சொல்லேகூட பழைய பிரெஞ்சின் ‘ஜாக்’ என்ற முரட்டு மேலுடுப்பிலிருந்து வந்தது. ஜாக் என்பது அங்கே குடியானவனைக் குறிக்கப் பொதுவாக வழங்கிய பெயர்; உடுப்பும் அவனிடமிருந்து அந்தப் பெயரைப் பெற்றிருக்க வேண்டும் என்கிறார்கள். ராசாவின் சாப்பாட்டுக் கோட்டுக்குள் ஒரு குடியானவன்.

சரி, மூன்றாவது பெயருக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

நியூயார்க் நகரிலிருந்து வடமேற்கே சுமார் 65 கிலோமீட்டர் போனால் ராமபோ குன்றுகள். காடு, நடுவில் ஓர் ஏரி. ஏரியின் பெயர் டக்சீடோ. அந்த நிலம் லோரிலார்ட் குடும்பத்தின் கையில் இருந்தது. 1760-ல் நியூயார்க்கில் மூக்குப்பொடி அரைத்து விற்கத் தொடங்கிய குடும்பம் அது. தலைமுறைகள் தாண்டி புகையிலையில் பெரும் பணம் சேர்த்துவிட்டிருந்தார்கள். நாலாவது பியர் லோரிலார்டுக்குக் குதிரைப் பந்தயத்தில் ஆசை. 1881-ல் இங்கிலாந்தின் எப்சம் டெர்பியில் அவருடைய குதிரை ஜெயித்தது. அமெரிக்காவில் பிறந்த குதிரை ஒன்று அந்தப் பந்தயத்தில் ஜெயித்தது அதுதான் முதல் முறை. குதிரையின் பெயர் இரோக்வாய். அதுவும் ஒரு பூர்வகுடிக் கூட்டமைப்பின் பெயர். மண்ணை வைத்திருந்தவர்களின் பெயரை மட்டும் எடுத்துக் குதிரைக்கும் ஊருக்கும் வைப்பது அந்தக் காலத்துப் பணக்காரர்களுக்குச் சாதாரணம்.

அந்த லோரிலார்ட் தன்னைப் போன்ற கோடீஸ்வரர்களுக்கென்றே ஏரியைச் சுற்றி ஒரு தனியூர் கட்ட முடிவு செய்தார். கட்டடக் கலைஞர் புரூஸ் பிரைஸ். காட்டை வெட்டிச் சாலை போட்டு, வீடுகளும் மன்றமும் கட்டி, சுற்றிலும் வேலி அடைத்து வாயிலில் காவல் போட்டார்கள். 1886-ல் டக்சீடோ பார்க் திறந்தது. உறுப்பினரையும் அவர்கள் அழைத்த விருந்தாளியையும் தவிர யாரும் உள்ளே போக முடியாது.

அந்த ஆண்டு அக்டோபரில் டக்சீடோ மன்றத்தில் இலையுதிர் கால நடன விருந்து. எல்லாரும் வாலோடு வந்திருக்கிறார்கள். லோரிலார்டின் மகன் கிரிஸ்வால்டும் அவன் கூட்டாளிகள் சிலரும் வால் இல்லாத கோட்டில் வந்து நின்றார்கள். கிரிஸ்வால்ட் அதற்குள்ளே செக்கச்செவேல் என்று சாட்டின் வெயிஸ்ட்கோட்டு வேறு போட்டிருந்தான். வயது இருபதுக்குச் சற்று மேல். பணக்காரர் வீட்டு வம்பு பேசுவதற்கென்றே நியூயார்க்கில் ‘டவுன் டாபிக்ஸ்’ என்று ஒரு பத்திரிகை இருந்தது. பையன் பார்ப்பதற்கு அசல் அரண்மனை ஏவலாள்போல இருந்தான் என்று அது எழுதியது. அதோடு விடவில்லை. குட்டைக் கோட்டில் வந்த இந்தப் பிள்ளைகளை எப்போதோ பைத்தியக்காரர்களுக்குக் கை கட்டும் அங்கியில் மாட்டியிருக்க வேண்டும் என்று பார்த்தவர்களுக்குத் தோன்றியதாம்.

இது ஒரு கதை. இன்னொரு கதையில் நாயகன் ஜேம்ஸ் பிரவுன் பாட்டர் என்ற நியூயார்க்காரர். அதே 1886-ல் மனைவி கோராவுடன் இங்கிலாந்து போயிருக்கிறார். வேல்ஸ் இளவரசருக்கு அழகான பெண்களைப் பிடிக்கும்; கோரா பேரழகி, பின்னால் நாடக நடிகையாகப் பேர் வாங்கியவர். சாண்ட்ரிங்ஹாமுக்கு அழைப்பு வந்தது. என்ன உடுத்துவது என்று பாட்டர் கேட்க, என் தையற்காரரிடம் போய் என்னுடையது மாதிரி ஒரு குட்டைக் கோட்டு தைத்துக்கொள் என்று பதில் வந்தது. பாட்டர் அதை டக்சீடோ மன்றத்துக்குக் கொண்டுபோனார், பார்த்தவர்கள் எல்லாம் தைத்துக்கொண்டார்கள்.

பாட்டர் கதை கொஞ்சம் மெருகேற்றப்பட்டது மாதிரி இருக்கிறது, இளவரசர் வருகிற எல்லாக் கதைகளையும் போல. ஆனால் கோட்டின் வழியைப் பார்த்தால் அதுதான் பொருந்துகிறது. கிரிஸ்வால்ட் போட்டது டின்னர் ஜாக்கெட்டாக இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. விளையாட்டாக வால் இல்லாமல் தைத்துக்கொண்ட டெயில் கோட்டாகவே இருந்திருக்கலாம். என் ஊகம், கோட்டைக் கொண்டுவந்தது பாட்டர் போன்றவர்கள், பேச்சைக் கிளப்பிவிட்டது கிரிஸ்வால்ட். எப்படியோ, 1889 வாக்கில் ‘டக்சீடோ’ என்பது அச்சிலேயே கோட்டின் பெயராகிவிட்டது. அதைப் பார்க்க கிரிஸ்வால்ட் இல்லை. 1888-லேயே சின்ன வயதில் செத்துப்போனான்.

ஒன்று எனக்கு விசித்திரமாகப் பட்டது. பிரெஞ்சுக்காரர் இந்தக் கோட்டைப் புகை என்கிறார். அமெரிக்கர் சொல்லும் ஊரைக் கட்டியது மூக்குப்பொடிக் காசு. எந்தப் பெயரை எடுத்து உதறினாலும் கீழே விழுவது புகையிலைத் தூள்தான்.

டக்சீடோ என்ற ஏரிப் பெயர் மட்டும் எங்கிருந்து வந்தது? அது ஆங்கிலம் இல்லை. அந்தக் குன்றுகளில் வாழ்ந்த லெனாப்பே மக்களின் மொழி, அதிலும் மன்சீ என்ற கிளை. ஒரு விளக்கம், ‘வளைந்து ஓடும் ஆறு’ என்ற பொருள்படும் ஒரு சொல் தேய்ந்து இப்படி ஆனது என்கிறது. இன்னொரு விளக்கம் ஓநாய்க்குப் போகிறது. லெனாப்பே மக்களிடம் ஓநாய், ஆமை, வான்கோழி என்று மூன்று பெருங்குலங்கள் உண்டு. ஓநாயை அவர்கள் நேரடியாகச் சொல்லாமல் ‘வட்டப் பாதம் உள்ளது’ என்று சுற்றிச் சொல்வார்கள். அந்தச் சொல்லின் ஒலி டக்சீடோவுக்கு வெகு அருகில் இருக்கிறது.

நம்மூரில் ராத்திரியில் பாம்பு என்று சொல்லாமல் பூச்சி என்று சொல்வோமே, அந்த மாதிரி. எனக்கு மனசெல்லாம் ஓநாய்ப் பக்கம்தான். மொட்டைக் கோட்டு போட்டுக் கையில் மதுக்கோப்பையோடு நிற்கும் வங்கிக்காரர்கள் தங்களை அறியாமலே ஓநாய்க் குலத்தின் பெயரைத் தோளில் சுமக்கிறார்கள் என்று நினைத்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊர்ப் பெயர்களை ஆராய்ந்த மொழியறிஞர்கள் ஆற்றுப் பக்கம்தான் சாய்கிறார்கள். தண்ணீரை வைத்து ஊருக்குப் பெயர் வைப்பது உலகம் முழுக்க நடப்பது. ஆசைக்காக அதை மறுக்க முடியுமா?

ஆறோ ஓநாயோ, பெயர் வைத்தவர்கள் அங்கே நிலைக்கவில்லை. நிலத்தை வாங்கியும் பிடுங்கியும் குடியேறிகள் அவர்களை மேற்கே தள்ளிக்கொண்டே போனார்கள். லெனாப்பே வழிவந்த மக்களின் பெரும்பகுதி இன்று ஓக்லஹோமாவிலும் விஸ்கான்சினிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் இருக்கிறது. ராமபோ மலைப்பகுதியில் தங்கிவிட்ட ஒரு சமூகமும் தன்னை லெனாப்பே வழியினர் என்றே சொல்லிக்கொள்கிறது. மன்சீ மொழி பேசுவோர் இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான். அந்த மொழியின் ஒரு சொல் மட்டும் வேலி தாண்டி வந்து உலகத்துத் துணிக்கடைகளில் எல்லாம் தொங்குகிறது.

துணிக்கு ஊர்ப்பெயர் வருவது நமக்குப் புதிதில்லை. சங்கப் பாட்டில் ‘கலிங்கம்’ என்றால் ஆடை. கலிங்க நாட்டிலிருந்து வந்த துணி என்பதால் வந்த பெயர் என்று உரைகாரர்கள் சொல்வது. ஐரோப்பியர்கள் கோழிக்கோட்டிலிருந்து கப்பலேற்றிய பருத்தித் துணி ‘காலிகோ’ ஆனது. டெனிமுக்குள் பிரான்சின் நீம் நகரம் இருக்கிறது, ஜீன்ஸுக்குள் இத்தாலியின் ஜெனோவா. ஆனால் இவையெல்லாம் நெய்த ஊர், அல்லது சரக்கு ஏற்றிவிட்ட துறைமுகம். அந்த ஊரின் உழைப்பு பெயரில் இருக்கிறது.

டக்சீடோவில் யாரும் ஒரு முழம் நூல்கூட நூற்கவில்லை. கோட்டு லண்டனில் பிறந்தது, கம்பளி எங்கிருந்தோ வந்தது, தைத்தவர்கள் வேறெங்கோ இருந்தார்கள். அந்த ஊர் செய்த காரியம் ஒன்றே ஒன்று: போட்டுக்கொண்டு நின்றது. நெய்தவனின் ஊர்ப்பெயர் துணிக்குப் போவதும், போட்டுக்கொண்டவனின் ஊர்ப்பெயர் உடுப்புக்குப் போவதும் வேறுவேறு வழக்கங்கள் என்று இதைத் தோண்டியபோதுதான் எனக்கு உறைத்தது. குதிரைச் சவாரிக்குப் போடும் ஜோத்பூர்க் கால்சட்டையும் பெர்முடா அரைக்கால் சட்டையும் இந்த இரண்டாம் சாதி. பிகினி இதிலும் சேராது. 1946-ல் அமெரிக்கா அணுகுண்டு வெடித்துப் பார்த்த பசிபிக் தீவின் பெயரை, சில நாள்களிலேயே ஒரு பாரிஸ்காரர் நீச்சலுடைக்கு வைத்துவிட்டார். அங்கே யாரும் நெய்யவும் இல்லை, உடுத்தவும் இல்லை.

கோட்டுக்குத் திரும்புகிறேன். அதை வாசிக்கத் தெரிந்தால் அதன் பூர்வீகம் மார்பு மடிப்பிலேயே எழுதியிருக்கிறது. மடிப்பு முனை மேல்நோக்கிக் கூராக எழுந்தால் அது டெயில் கோட்டின் வழி. முனையே இல்லாமல் சால்வை போர்த்திய மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கினால் புகையறைக் கோட்டின் வழி. இடையில் வெட்டுப் பட்டிருந்தால் அலுவலகச் சூட்டின் வழி, கறாரான ஆட்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். மடிப்பில் பட்டு வைப்பதற்கு ஒரு காரணம் சொல்வார்கள்: சுருட்டுச் சாம்பல் விழுந்தால் ஒரு தட்டில் போய்விடும். கேட்க நன்றாக இருக்கிறது. பட்டில் சாம்பலைத் தட்டிப் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

கறுப்பிலும் ஒரு சூட்சுமம் உண்டு. விளக்கொளியில் கறுப்புத் துணி சில சமயம் பச்சையாகவோ வெளிறியோ தெரியும். நள்ளிரவு நீலம் என்று சொல்லும் அடர்ந்த நீலம் அதே வெளிச்சத்தில் கறுப்பைவிடக் கறுப்பாக இருக்கும். 1920-களிலும் 30-களிலும் இதைப் பிரபலமாக்கியவர் எட்டாம் எட்வர்ட். முதல் குட்டைக் கோட்டுக்காரரின் பேரன். வீட்டுக்கு வீடு ஏதோ ஒரு வியாதி என்றால் அந்தக் குடும்பத்துக்குத் தையற்கடை.

இடுப்பில் கட்டும் கம்மர்பண்டும் இந்த உடையில் சேர்ந்தது. பாரசீகத்தில் கமர் என்றால் இடுப்பு, பந்த் என்றால் கட்டு. நம்முடைய இடைக்கச்சைதான். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் 19-ஆம் நூற்றாண்டில் இதைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த வெயிலில் வெயிஸ்ட்கோட்டு போட்டு விருந்துண்ண முடியாது, சட்டைக்கும் கால்சட்டைக்கும் நடுவே தெரியும் இடைவெளியை எதையாவது சுற்றி மறைத்தாக வேண்டும். நாம் சண்டைக்குக் கச்சை கட்டுவோம். அவர்கள் சாப்பிடக் கட்டினார்கள்.

வீட்டுக்குள் போட்ட கோட்டு வெளியே வந்த கதையை விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் உலகப்போர் முடிந்தபோது கஞ்சி போட்ட விறைப்புக்கு யாருக்கும் பொறுமை இல்லை. வால் சடங்குகளுக்கு ஒதுங்கியது, குட்டைக் கோட்டு மாலை முழுவதையும் எடுத்துக்கொண்டது. ஆனால் ஒரு பெண்மணியைச் சொல்லாமல் தாண்ட முடியாது. டக்சீடோ பார்க்கைக் கட்டிய புரூஸ் பிரைஸுக்கு ஒரு மகள். எமிலி. அப்பா கட்டிய அந்த வேலிக்குள் வளர்ந்து, அங்கேயே குடித்தனம் நடத்தி, மணவிலக்குப் பெற்று, எழுத்தை நம்பி வாழத் தொடங்கினார். 1922-ல் அவர் வெளியிட்ட நாகரிக நடத்தை விதிகள் அமெரிக்காவின் வேதமாகிவிட்டன. எமிலி போஸ்ட் என்றால் இன்றும் அங்கே மரியாதை முறைக்கு மறுபெயர். டக்சீடோ என்பது ஆங்கிலேயரின் டின்னர் கோட்டுதான், வால் கோட்டைவிடச் சற்று இளக்கமான உடை வேண்டும் என்று டக்சீடோ மன்றத்தில் கொண்டுவந்தது, பெயர் ஒட்டிக்கொண்டது என்று அதில் அவரே எழுதியிருக்கிறார். சலுகையாக வந்த உடைக்கு விதி எழுதியது அதே ஊர்ப் பெண். அப்புறம் என்ன, சலுகை போய் விதி மட்டும் நின்றது. தூண் ஓரத்தில் நான் நின்றது அந்த விதியின் முன்னால்தான்.

1966-ல் பாரிஸில் ஈவ் சான் லோரான் இதே உடையைப் பெண்களுக்குத் தைத்து ‘லெ ஸ்மோக்கிங்’ என்று பெயர் வைத்தார். கால்சட்டை போட்ட பெண்களை நல்ல உணவகங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலம் அது. ஆண்கள் புகைக்க ஒதுங்கிய அறையின் பெயரைப் பெண்ணின் தோளில் போட்டதில் ஒரு குறும்பு இருக்கிறது. அவர் அதை யோசித்து வைத்தாரோ இல்லையோ, எனக்குச் சிரிப்பு வந்தது.

சொல் அதற்குள் துணியைவிட்டும் வெளியேறிவிட்டது. முதுகு கறுப்பாகவும் மார்பு வெள்ளையாகவும் இருக்கும் பூனை ஆங்கிலத்தில் டக்சீடோ பூனை. லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் அடையாளமான பெங்குவினுக்கு டக்ஸ் என்று பெயர். 1996-ல் லாரி ஈவிங் வரைந்தது. லினக்ஸை உருவாக்கியவர் டோர்வால்ட்ஸ்; ‘டோர்வால்ட்ஸின் யூனிக்ஸ்’ என்பதைச் சுருக்கினால் டக்ஸ் வரும் என்று ஒருவர் சொல்ல, அந்தப் பெயர் நின்றுவிட்டது. பெங்குவின் ஏற்கெனவே அந்தக் கோட்டோடுதானே பிறக்கிறது. வளைந்த ஆறு, வேலி போட்ட ஊர், கோட்டு, பெங்குவின் என்று அந்தச் சொல் இப்போது கணினித் திரையில் கால் பரப்பி உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த ஆண்டும் அழைப்பிதழ் வந்தது. அதே மூலை, அதே இரண்டு சொற்கள். இந்த முறை முழு உடையும் வாடகைக்கு எடுத்தேன். சால்வை மடிப்பு, புகையறை வழி. போ டையைக் கட்டத் தெரியாததால் கொக்கி வைத்ததை வாங்கிக்கொண்டேன், எமிலி அம்மையார் மன்னிக்கட்டும். கண்ணாடியில் பார்த்தபோது பரவாயில்லை என்றுதான் இருந்தது.

மண்டபத்தில் அதே தூணைத் தேடிப் போய் நிற்கவில்லை. நடுவில் நின்றேன். ஆங்கிலேய நண்பர் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பிரெஞ்சுக்காரர் தூரத்திலிருந்தே, “ஆகா, ஸ்மோக்கிங்!” என்றார். பரிமாறுகிறவர்களும் கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, போ டை என்று அதே உடையில்தான் தட்டுகளோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். பட்டு மடிப்பை உற்றுப் பார்த்தால் மட்டுமே வித்தியாசம் தெரியும். மங்கிய வெளிச்சத்தில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

கொஞ்ச நேரத்தில் வயதான ஓர் அம்மாள் என் பக்கம் திரும்பி, கனிவாகச் சிரித்து, காலியான கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். கிரிஸ்வால்டைப் பற்றி அந்த வம்புப் பத்திரிகை எழுதியது நினைவுக்கு வந்தது. அசல் அரண்மனை ஏவலாள். பக்கத்து மேசையில் இன்னும் இரண்டு காலிக் கோப்பைகள் இருந்தன. அவற்றையும் எடுத்துக்கொண்டு அடுக்களைக் கதவைத் தேடிப் போனேன்.